பனைமர நிழலில் ஒரு பள்ளிக்கூடம்

கம்போடியா என்று சொன்னவுடன் நம்மில் பெரும்பாலோர் கண் முன் வந்து நிற்பது அங்கோர் வாட் கோயில்தான். நிற்கட்டும், அதற்கு அந்தத் தகுதி உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் மகாவிஷ்ணுவுக்கு எடுப்பித்த அந்தக் கோயிலை அந்நாட்டார் தங்கள் தேசியக் கொடியிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது கோயிலைப் பற்றி அல்ல. அங்கிருந்து வெகு தூரம் தெற்கே, தாக்கேவ் மாகாணத்தில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சாதாரணப் பள்ளிக்கூடத்தைப் பற்றி.

அந்த ஊர்ப் பாஷையில் பள்ளிக்கூடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? ‘சாலா’! நம் பாடசாலையில் இருக்கும் அதே சாலைதான். வாத்தியாருக்கு ‘க்ரூ’ என்று பெயர். குரு என்பதைக் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிப் பாருங்கள், க்ரூ வந்துவிடும். எழுத்துக்கு ‘அக்ஸோ’, அட்சரம். ஜனவரி மாதத்துக்கு ‘மகரா’, செப்டம்பருக்கு ‘கஞ்ஞா’, அக்டோபருக்கு ‘தொலா’. பஞ்சாங்கத்தில் ராசிக் கட்டம் பார்த்துப் பழகிய நமக்கு இவையெல்லாம் மகரம், கன்னி, துலாம் என்று சொல்லியா தெரிய வேண்டும்? வருஷப் பிறப்பும் நமக்கு வரும் அதே ஏப்ரல் நடுவில்தான் அவர்களுக்கும் வருகிறது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வருஷம் சம்பளமில்லாத உபாத்தியாயினியாக இருந்துவிட்டு வந்தேன்.

புளி கிடைக்குமா?

சென்னையில் பெண்கள் பள்ளி ஒன்றில் 32 வருஷம் இங்கிலீஷும் சரித்திரமும் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் இந்த யோசனையை வீட்டில் வெளியிட்டேன். என் பிள்ளை, “ஏம்மா, நம்ம ஊரில் பள்ளிக்கூடமே இல்லையா?” என்றான். என் தம்பி, “அக்காவுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது” என்று தீர்ப்பே சொல்லிவிட்டான். என் மருமகள் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அத்தை, அங்கே புளி கிடைக்குமா?” என்று கேட்டாள். எத்தனை தெளிவான பெண் பாருங்கள்!

பிள்ளை கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் தொண்டு நிறுவனம் கேட்டது குழந்தைகளுக்குப் பாடம் நடத்த ஒருவரை அல்ல. கிராமத்தில் இங்கிலீஷ் கற்பிக்கும் உள்ளூர் ஆசிரியைக்குப் பக்கத்தில் ஓராண்டு இருந்து, இருவருமாக வகுப்பு நடத்தக்கூடிய அனுபவசாலி ஒருவர் வேண்டும் என்று கேட்டார்கள். தங்க இடமும் சாப்பாட்டுச் செலவும் அவர்கள் பொறுப்பு, சம்பளம் கிடையாது. 32 வருஷ அனுபவத்தைப் பரண் மேல் போட்டு வைப்பதைவிட இது மேல் என்று எனக்குத் தோன்றிற்று.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. 1958-ல் பிரிட்டனில் இளைஞர்களை இப்படி வெளிநாடுகளுக்கு அனுப்பும் சங்கம் ஒன்று தொடங்கிற்று. 1961-ல் கென்னடி அமெரிக்காவில் அமைதிப் படையை ஏற்படுத்தினார். அந்தப் படையின் தொண்டர்கள் 2007-லிருந்து கம்போடியக் கிராமங்களுக்கும் வந்து, உள்ளூர் ஆசிரியருடன் சேர்ந்து இங்கிலீஷ் கற்பித்திருக்கிறார்கள். என்னைப் போன்ற பாட்டிகள் அதில் குறைவு, அவ்வளவுதான்.

‘ஓம்’ என்றால் பெரியம்மா

தலைநகர் புனோம் பென்னிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தெற்கே தாக்கேவ் பட்டணம். அங்கிருந்து மோட்டார் சைக்கிள் இழுக்கும் வண்டியில் ஏறிச் செம்மண் சாலையில் ஒரு மணி நேரம் குலுங்கினால் எங்கள் ஊர். வழியெல்லாம் நெல் வயல். வயல் வரப்பெல்லாம் பனைமரம்! ராமநாதபுரத்துப் பக்கம் வந்துவிட்டோமோ என்று ஒரு கணம் சந்தேகமே வந்துவிட்டது. தமிழ்நாட்டின் மாநில மரமான பனைதான் கம்போடியாவின் தேசிய மரமும். 2005-ல் அரச ஆணையிட்டு அறிவித்தார்கள். மூங்கில் குழாய்களை இடுப்பில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் மரம் ஏறிச் சாறு இறக்குகிறார்கள். அதைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். நுங்கும் உண்டு.

வீடுகள் உயரமான கால்களின் மேல் நிற்கின்றன. மேலே குடித்தனம், கீழே நிழல். அந்த நிழலில் ஓர் ஊஞ்சல் வலை, ஒரு தறி, இரண்டு சைக்கிள், ஒரு பாட்டி, நாலு கோழி. நம் வீட்டுத் திண்ணை செய்கிற வேலையை அங்கே வீட்டின் அடி செய்கிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் பரந்து வயல்கள் ஏரியாகிவிடும். அப்போது கால் வைத்த வீட்டின் அருமை தெரியும். கூரைத் தண்ணீரை ஆள் உயரச் சாடிகளில் பிடித்து வைத்துக் குடிக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த அன்றே ஊர்க் குழந்தைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு, “ஓம்! ஓம்!” என்றன. அடடா, இத்தனை பக்தியா என்று மெய்சிலிர்த்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது: ‘ஓம்’ என்றால் அப்பா அம்மாவுக்கு மூத்தவர், பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் குறைவு. மூத்தவர் ‘பாங்’, இளையவர் ‘ஓன்’, சித்தி முறை ‘மிங்’, பாட்டி ‘யேய்’, தாத்தா ‘தா’. வழியில் போகிற முன்பின் தெரியாதவரைக்கூட ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் அழைக்க வேண்டும். நமக்கு இதில் கஷ்டம் என்ன?

காலையில் எதிர்ப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வியும் நம் கேள்விதான்: சாப்பிட்டாயிற்றா? சோற்றுக்கு அவர்கள் பாஷையில் ‘பாய்’ என்று பெயர். “பாய் சாப்பிட்டாயா?” என்று தினமும் நாலு பேர் கேட்டால் நமக்குச் சிரிப்பு வராதா? நமக்குப் பாய் என்றால் சாப்பாட்டுக்கு அப்புறம் படுப்பது அல்லவா!

சாப்பாட்டு விஷயத்தில் நான் சைவம். அங்கே மீனை உப்பிட்டு ஊற வைத்து அரைத்த ‘ப்ரஹொக்’ இல்லாமல் குழம்பு ஏது? ஆனாலும் நான் பட்டினி கிடக்கவில்லை. வள்ளைக்கீரை, பரங்கி, பச்சை மாங்காய், தாமரை விதை, தேங்காய், எலுமிச்சம்புல் எல்லாம் தாராளமாகக் கிடைக்கின்றன. அரிசியைப் பிழிந்து கொதிநீரில் விடும் ஒரு பலகாரம் நம் சேவைக்குத் தங்கை முறை. அதன் மேல் ஊற்றும் மீன் குழம்பை விட்டுவிட்டு நான் தேங்காய்ப் பால் விட்டுச் சாப்பிட்டேன். புளியும் கிடைத்தது என்று மருமகளுக்கு முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டேன்.

‘எஸ்’ எங்கே போயிற்று?

காலை ஏழு மணிக்குக் கொடி ஏற்றிப் பாடுவார்கள். வெள்ளைச் சட்டை, கருநீலப் பாவாடை. நான் வகுப்புக்குள் நுழைந்ததும் 45 குழந்தைகளும் எழுந்து கை கூப்புவார்கள். கூப்பிய கை எவ்வளவு உயரம் என்பதற்குக் கணக்கு உண்டு. சம வயதுத் தோழருக்கு மார்பளவு. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விரல் நுனி மூக்கைத் தொட வேண்டும். அதற்கு மேல் அரசரும் பிக்ஷுக்களும். நெற்றிக்கு மேல் தெய்வம்.

என்னோடு வகுப்பு நடத்திய ஆசிரியைக்கு 32 வயது. நான் வேலை பார்த்த வருஷமும் அவள் வயதும் ஒன்று! அவளை நான் ‘ஓன்’ என்று அழைத்தேன். அவள் என்னை ‘ஓம்’ என்றாள். ஓர் எழுத்து வித்தியாசம்; ஒரு தலைமுறை தூரம். காலையில் பள்ளி, மாலையில் நாலு காசுக்காகத் தனி வகுப்பு, நடுவில் நாற்று நடவு, ஐந்து வயதுப் பையன், வயதான தாயார். கிராமத்து ஆசிரியைகள் பலருடைய வாழ்க்கை அங்கே இப்படித்தான் ஓடுகிறது. சம்பளம் மட்டும் போதுவதில்லை.

அந்தக் குழந்தைகள் இங்கிலீஷ் எழுதுவதில் ஒரு வேடிக்கை பார்த்தேன். நம் பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் அவர்கள் தடுமாறுவதில்லை. நாம் ‘நான் சோறு தின்றேன்’ என்போம். அவர்கள் பாஷையில் ‘நான் தின் சோறு’ என்று இங்கிலீஷ் வரிசையிலேயே வார்த்தைகள் வரும். ஆகவே வாக்கியம் நேராக வந்து உட்கார்ந்துவிடும். ஆனால் காலம்? கெமர் மொழியில் வினைச்சொல்லுக்கு இறந்த காலம் எதிர்காலம் என்று உருமாற்றமே கிடையாது. ‘நேற்று’ என்றோ ‘ஆயிற்று’ என்றோ ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது. பன்மைக்கும் விகுதி இல்லை. அதோடு சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலி அவர்கள் நாக்கில் வெறும் மூச்சாகக் கரைந்துவிடும். இங்கிலீஷிலோ பன்மைக்கு ‘எஸ்’, வினைக்கு ‘எஸ்’, உடைமைக்கு ‘எஸ்’! வகுப்பில் அத்தனை ‘எஸ்’களும் காற்றில் போயின.

இதற்கு ஓன் ஒரு வழி கண்டுபிடித்தாள். சொல்லின் கடைசியில் ‘ஸ்ஸ்’ வரும்போதெல்லாம் குழந்தைகள் கையைப் பாம்பு போல நெளித்துக் காட்ட வேண்டும். ஒரு வாரம் எங்கள் வகுப்பு பாம்பாட்டிக் கூடமாகவே இருந்தது. அடுத்த வாரம் ‘எஸ்’ ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. தன் பாஷை தெரிந்தவளுக்குத்தான் குழந்தையின் நாக்கு எங்கே வழுக்கும் என்று தெரியும். நான் நாற்பது புத்தகம் படித்திருந்தாலும் அந்தப் பாம்பு எனக்குத் தோன்றியிராது.

பக்கத்துக் கட்டடம் ஆரம்பப் பள்ளி. இடப் பற்றாக்குறையால் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். ஒரு நாள் முதல் வகுப்பில் குழந்தைகள் அரிச்சுவடி ஓதுவது காதில் விழுந்தது. “கா, கா, கோ, கோ, ங்கோ... சா, சா, சோ, சோ, ஞோ...” கையில் இருந்த சாக்குக்கட்டியை வைத்துவிட்டு நின்று கேட்டேன். க, ங, ச, ஞ! நம் வரிசையேதான்! பல்லவர் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டிப் போன எழுத்திலிருந்து பிறந்தது கெமர் எழுத்து. அந்த மொழியில் தேதியோடு கிடைத்த மிகப் பழைய கல்வெட்டு கி.பி. 611-ஆம் ஆண்டுக்கு உரியது. அது கிடைத்த அங்கோர் போரெய் என்ற ஊர் இதே தாக்கேவ் மாகாணத்தில், படகில் போகிற தூரத்தில் இருக்கிறது.

பதினான்கு நூற்றாண்டாக ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு வந்து கொண்டிருக்கும் பாடம் அது. நடுவில் ஒரே ஒரு முறை அந்தக் கயிறு ஏறக்குறைய அறுந்து போயிற்று. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

பள்ளிக்கூடம் சிறையானபோது

1975 ஏப்ரல் 17. வருஷப் பிறப்பு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கெமர் ரூஜ் படைகள் புனோம் பென்னில் நுழைந்து, நகரத்து ஜனங்கள் அத்தனை பேரையும் வயல்களுக்கு விரட்டின. பணம் ஒழிந்தது; கடைத்தெரு ஒழிந்தது; பள்ளிக்கூடம் ஒழிந்தது. 1979 ஜனவரி 7-ல் அந்த ஆட்சி விழும்வரை, மூன்று வருஷம் எட்டு மாத காலத்தில், பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர்கள் 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைய ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. படித்தவர்கள் என்று தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். அல்லது நாட்டை விட்டே போனார்கள்.

ஜனவரி 7 இப்போது விடுமுறை நாள். அந்த விடுமுறையில் ஓன் என்னைப் புனோம் பென்னுக்கு அழைத்துப் போனாள். துவோல் ஸ்லெங் என்ற இடம். அதுவும் ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளிதான். மூன்று மாடிக் கட்டடங்கள், நடுவே மைதானம், தரையில் மஞ்சளும் வெள்ளையுமாகச் சதுர ஓடுகள். நம் ஊர்ப் பள்ளி எதுவாகவும் இருக்கலாம். அதைத்தான் சிறையாக்கினார்கள். வகுப்பறைகளைச் செங்கல் சுவரால் ஆள் படுக்கும் அளவு தடுத்தார்கள். 14,000-க்கு மேற்பட்டவர்கள் உள்ளே போனார்கள். உயிரோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இன்று அது நினைவுக் காட்சிசாலை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

சகோதரிகளே, அங்கே என்னை உலுக்கியது ஒன்று உண்டு. அந்தச் சிறைக்குத் தலைவனாக இருந்த டூச் என்பவன் முன்பு கணக்கு வாத்தியார். அந்த ஆட்சிக்கே தலைவனான போல் பாட்டும் ஒரு தனியார் பள்ளியில் பாடம் சொல்லியிருக்கிறான். டூச்சுக்கு நீதிமன்றம் 2012-ல் ஆயுள் தண்டனை விதித்தது, 2020-ல் இறந்தான். வாத்தியார் வேலை தானாகவே புனிதமானது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த மஞ்சள் ஓடுகளின் மேல் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல வாய் வராது. யாருக்காக, என்ன நோக்கத்தோடு கற்பிக்கிறோம் என்பதில் இருக்கிறது எல்லாம்.

கையைத் தூக்க மூன்று நாள்

திரும்பி வந்த அன்று இரவு, ஓனின் தாயார் ஊஞ்சல் வலையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எங்கே போய் வந்தோம் என்று தெரிந்ததும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து, “அந்தக் காலத்தில் இதைப் போட்டிருந்தால் படித்தவள் என்று தெரிந்துவிடும்” என்றார். மகள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள்.

அந்த யேய் படித்தது ஆறாம் வகுப்பு. 1970-ல் யுத்தம் வந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். வாத்தியார் பயிற்சியில் இருந்த அண்ணனை 1976-ல் ஒரு மாலை ‘கூட்டம்’ என்று அழைத்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. அன்றிலிருந்து தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்று சொல்லியே அவர் உயிர் பிழைத்தார். அறிவிப்பு ஒட்டியிருந்தால் அதைப் பார்க்கக்கூட மாட்டாராம். கண் எழுத்தின் மேல் நகர்ந்தால் யாராவது கண்டுகொள்வார்கள்!

1979-ல் ஆட்சி விழுந்த பிறகு ஊரில் ஜனங்களைக் கூட்டி, “எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள், பள்ளிக்கூடம் ஆரம்பிக்க வேண்டும்” என்றார்களாம். ஒருவரும் தூக்கவில்லை. இரண்டாம் நாளும் தூக்கவில்லை.

“கையைத் தூக்க எனக்கு மூன்று நாள் ஆயிற்று” என்றார் யேய். “அதற்குள் எத்தனை தடவை வியர்த்தது தெரியுமா?”

இருபத்தொரு வயதுப் பெண், ஆறாம் வகுப்புப் படிப்போடு, பனைமரத்தடியில் ஆசிரியையானார். காகிதம் இல்லை, மண்ணில் குச்சியால் எழுதினார்கள். சம்பளம் அரிசியாகக் கிடைத்தது. நாடு முழுவதும் அப்படித்தான் நடந்தது. அதிகம் தெரிந்தவர் கொஞ்சம் தெரிந்தவருக்குச் சொல்லிக் கொடுப்பது. கொஞ்சம் தெரிந்தவர் ஒன்றும் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பது என்பதுதான் அன்றைய ஏற்பாடு. தொண்டு ஆசிரியர் என்று நாம் பட்டம் சூட்டிக்கொள்கிறோமே, அந்தப் பெயருக்கு உரியவர்கள் அவர்கள்.

கதையை முடித்துவிட்டு யேய் என்னைக் கேட்டார்: “நீ வருஷக் கடைசியில் போய்விடுவாய். அப்புறம் யார்?”

குத்தலாகக் கேட்கவில்லை. அரிசி அளக்கும்போது இன்னும் எத்தனை படி என்று கேட்பது போலக் கேட்டார்.

பின் பெஞ்சு

அந்தக் கேள்விக்குப் பதில் அதே வீட்டில்தான் இருந்தது. ஆனால் அந்தப் பதிலுக்கும் ஓர் ஆபத்து வந்தது. மார்ச் மாதம் புனோம் பென்னில் ஒரு ஹோட்டலிலிருந்து ஓனுக்கு வேலை வந்தது. இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள். சம்பளம் பள்ளியில் கிடைப்பதைப் போல இரண்டு பங்கு. “போகட்டுமா ஓம்?” என்று கேட்டாள். வீட்டின் மேல் கடன் இருப்பது எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? பென்ஷன் வாங்குகிறவள் தியாகத்தைப் பற்றி உபதேசம் செய்வது அழகல்ல. “உன் கணக்கை நீ போட்டுப் பார்; எப்படி முடிவு செய்தாலும் நான் உன் பக்கம்” என்றேன்.

அதே சமயத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இன்னொன்று நடந்தது. முதல் பெஞ்சில் உட்காரும் பெண், 15 வயது, பாம்பு நெளிப்பதில் முதல்வள். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. அங்கே விடிவதற்கு முன் சாலையில் திறந்த லாரிகள் போகும். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் அதில் நெருக்கியடித்து நின்றுகொண்டு போவார்கள். நாம் கடையில் வாங்கும் சட்டை பாவாடைகளில் எத்தனையோ அந்த ஊர்ப் பெண்கள் தைத்தவை. எங்கள் பெண் அந்த லாரியில் ஏறிவிட்டாள். அப்பா வாங்கிய கடனுக்கு மாதத் தவணை கட்ட வேண்டும்.

ஓனும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டார். வாதாட ஒன்றும் இல்லை. திரும்பும் வழியில் ஓன் பேசவே இல்லை. மறுநாள் என்னிடம், “தொழிற்சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டின் அடியில், யேயின் ஊஞ்சல் வலைக்குப் பக்கத்தில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. லாரியில் போகும் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். கெமர், கணக்கு, கொஞ்சம் இங்கிலீஷ். காசு கிடையாது. ஹோட்டல் வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவளாகவே, “அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதாம்” என்றாள்.

ஜூன் மாதத்திலிருந்து நான் பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். பாடம் முழுவதும் ஓன் நடத்தினாள். வகுப்பு முடிந்ததும் இருவரும் பனைமரத்தடியில் உட்கார்ந்து, எந்தக் கேள்விக்கு எந்தக் குழந்தை விழித்தது, அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்று பேசுவோம். ஒரு வருஷப் பாடத்துக்கும் இருவருமாகக் குறிப்பு எழுதி ஒரு தடித்த நோட்டில் சேர்த்தோம். கையெழுத்து அவளுடையது. நோட்டும் அவளுடையது.

அந்த லாரிப் பெண் பரீட்சை எழுதினாளா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் எழுதவில்லை. இதை மறைத்து இனிப்பாக எழுத எனக்கு மனம் இல்லை.

பிண்டமும் பென்னும்

செப்டம்பரில் ‘ப்சும் பென்’ வந்தது. நம் மகாளய பட்சம் வரும் அதே தேய்பிறைப் பதினைந்து நாள். ‘பென்’ என்பதும் நம் பிண்டம்தான். விடியுமுன் எழுந்து, எள் கலந்த சோற்று உருண்டைகளை எடுத்துக்கொண்டு புத்த விஹாரத்தைச் சுற்றி வந்து இருட்டில் வீசுவார்கள். பசித்த முன்னோர்கள் ஏழு விஹாரம் தேடுவார்களாம். தங்கள் ஜனங்களின் கைச்சோறு ஓரிடத்திலாவது கிடைக்க வேண்டும்.

யேயுடன் நானும் போனேன். எங்கே விழுந்தார், எந்த மண்ணில் புதைந்தார் என்று தெரியாத அண்ணனுக்காக அவர் ஓர் உருண்டை வீசினார். அவர் பின்னால் வந்த மகளும் ஒன்று வீசினாள். பார்த்தே இராத மாமாவுக்கு. வாத்தியாராக ஆக இருந்தவர் அல்லவா அவர்?

போக நினைப்பவர்களுக்கு

ஊர் திரும்பிய பிறகு என் தோழிகள் இரண்டு மூன்று பேர், “நாங்களும் போகலாமா?” என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். உடம்பில் தெம்பும், கிடைத்ததைச் சாப்பிடும் குணமும், தன் வீட்டு வழக்கத்தை அங்கே தேடாத மனமும் இருந்தால் போதும்.

ஆனால் எங்கே, எப்படிப் போகிறோம் என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். கோயில் பார்க்க வருகிறவர்களை, வழியில் பத்து நாள் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தலாம் வாருங்கள் என்று காசு வாங்கிக்கொண்டு அழைக்கும் இடங்களும் உண்டு. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் அதே நிறங்களின் பெயரையும் அதே பழங்களின் பெயரையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். குழந்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அனாதை இல்லம் என்ற பெயரில் இருந்தவற்றில் சேர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததும் தெரிய வந்தது. குழந்தைகள் வேடிக்கைப் பொருள் அல்ல என்று 2011 வாக்கில் அங்கே பெரிய பிரசாரமே நடந்தது.

ஆகவே அழைக்கிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மாதம் இருக்க வேண்டும்? எந்த உள்ளூர் ஆசிரியரோடு வேலை? என் நடத்தையைப் பற்றி நீங்கள் விசாரிக்கப் போவதில்லையா? மூன்றாவது கேள்விக்குத் தயங்குகிற இடத்துக்குப் போகவே வேண்டாம். யாரென்று விசாரிக்காமல் குழந்தைகளிடம் விடுகிறவர்கள் நம்மைப் போல் எல்லாரையும் விடுவார்கள் அல்லவா? யேய் என்னைக் கேட்டாரே, அந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

நான் வந்த பிறகும் ஓன் கடிதம் எழுதுகிறாள். அதில் ‘எஸ்’கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இப்போது பதினொரு பேராம். ஆறு பேருக்கு எழுத்தே தெரியாதாம். அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது யார் தெரியுமா? முதல் பெஞ்சிலிருந்து லாரிக்குப் போன அந்தப் பெண்தான்.